டிரைவர் பக்கத்துக் கண்ணாடி

சாயங்காலம் ஐந்தரை மணிக்கு மேற்கே பார்த்து ஓட்டினால்தான் அது கண்ணில் படும். காலையில் பார்த்தால் குறையே இல்லாத கண்ணாடி, உச்சி வெயிலிலும் அப்படித்தான். வெயில் சாய்ந்து பக்கவாட்டில் அடிக்கும்போது மட்டும் டிரைவர் பக்கத்துக் கண்ணாடியில் மேலிருந்து கீழாக மூன்று கோடுகள் ஜரிகை இழை மாதிரி மின்னும். இரவில் இன்னும் மோசம். நாம் உட்காருவது வலது பக்கம், வலது சைடு மிரரை அந்தக் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தாக வேண்டும், கோடுகள் மூன்றும் மிரருக்கு நேர் எதிரே. பின்னால் வரும் பைக்கின் ஹெட்லைட் கோட்டில் பட்டதும் இரண்டு பக்கமும் வால் முளைத்து நீளும். வருவது ஒரு பைக்கா மூன்று பைக்கா, எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று கணக்குப் போடுவதற்குள் அவன் நம்மைத் தாண்டிப் போயிருப்பான்.

வண்டி 2011 மாடல், நான் தேர்டு ஓனர். ஆர்.சி. புதுப்பிக்கும் காலம் நெருங்கிவிட்ட வண்டிக்குப் புதுக் கண்ணாடி வாங்கிப் போட மனசு வரவில்லை. கீறலைத் தேய்த்து எடுத்துவிடலாம் என்று எல்லோரையும் போல நானும் நம்பினேன். அந்த நம்பிக்கைக்கு ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் போயின. அதைத்தான் எழுதுகிறேன். உங்கள் வண்டியிலும் கீறல் இருந்தால் இரண்டு ஞாயிறாவது மிச்சமாகும்.

முதல் ஞாயிறு பற்பசைக்குப் போனது. வீடியோவில் ஒருவர் துணியில் பற்பசை தடவி வட்டமாகத் தேய்க்கிறார், கழுவுகிறார், கண்ணாடி பளிச். நானும் அரை மணி நேரம் தேய்த்தேன். கோடுகள் அப்படியே இருந்தன, முன்பைவிடத் தெளிவாகவே தெரிந்தன, ஏனென்றால் அவற்றைச் சுற்றியிருந்த அழுக்கு போய்விட்டது. "பேஸ்ட் தீர்ந்துபோச்சு, நாளைக்கு எல்லாரும் எதுல பல்லு தேய்க்கிறதாம்?" என்று வீட்டில் கேட்டதுதான் மிச்சம். பொறுமையாக யோசித்திருந்தால் தேய்ப்பதற்கு முன்பே தெரிந்திருக்கும். பற்பசையில் இருக்கும் தேய்ப்புப் பொருள் பல் எனாமலைச் சேதப்படுத்தாத அளவுக்கு மென்மையானது. மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் எனாமல் 5, கண்ணாடி ஐந்தரை. பல்லையே ஒன்றும் செய்யாத பொருள் அதைவிடக் கடினமான கண்ணாடியை எப்படி அரைக்கும்? அம்மா லாந்தர் சிம்னியை விபூதி போட்டுத் துடைப்பாளே, அதே வேலைதான் இதுவும். கரி போகும், எண்ணெய்ப் பிசுக்கு போகும், கண்ணாடி மினுங்கும். கீறல் போகாது.

ஆனால் அந்த ஞாயிறு முழுக்க வீண் என்று சொல்ல முடியாது. பின்பக்க இடது கதவில் இருந்த நாலைந்து 'கீறல்கள்' பற்பசையோடு போய்விட்டன. பிறகுதான் புரிந்தது, அவை கீறலே கிடையாது, உப்புக்கறை. எங்கள் அபார்ட்மென்ட் மேடவாக்கம் பக்கம், போர்த் தண்ணீரில் பருப்பு வேகாது. அந்தத் தண்ணீரை வாளியில் ஊற்றி வெயிலில் வண்டி கழுவினால், துளி ஓடிய தடம் அப்படியே காய்ந்து வெள்ளைக் கோடாக நின்றுவிடும். பார்ப்பதற்குச் சுத்தமாகக் கீறல் மாதிரியே இருக்கும். ஆகவே கீறல் எடுக்கும் வேலையில் இறங்குவதற்கு முன் வினிகரோ எலுமிச்சம்பழமோ தடவி ஐந்து நிமிடம் விட்டுத் துடைத்துப் பாருங்கள், பாதிப் பேருக்குப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும். முடியாத மீதிப் பேர் மேலே படிக்கலாம்.

இரண்டாவது ஞாயிறு நான் எதையும் தேய்க்கவில்லை. ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டியின் ஒவ்வொரு கண்ணாடியையும் சாய்வாகப் பிடித்துப் பார்த்தேன். செய்த காரியங்களிலேயே உருப்படியானது அதுதான். கைரேகை பார்ப்பவர் மாதிரி, கோடு போகும் திசையை வைத்தே அதன் பூர்வீகத்தைச் சொல்லிவிடலாம். மேலிருந்து கீழாக நேராக ஓடினால் கண்ணாடி ஏறி இறங்கும்போது கதவு ரப்பரில் எதுவோ உரசுகிறது. முன் கண்ணாடியில் வில் மாதிரி வளைந்திருந்தால் வைப்பர். உள்பக்கம் குறுக்கும் நெடுக்குமாக நறுக்கு நறுக்கென்று இருந்தால் பிளேடு. கோடாக இல்லாமல் ஒரு இடம் மட்டும் பனி படிந்த மாதிரி மங்கியிருந்தால் ஸ்கிரப்பர். எங்கள் வண்டியில் நாலும் இருந்தன.

பிளேடு விவகாரம் எனக்கு முன்னால் வைத்திருந்தவரின் காலத்தது. 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கார் கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது பலருக்கு ஞாபகம் இருக்கும். முன்னும் பின்னும் 70 சதவீதம், பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீத வெளிச்சமாவது உள்ளே வர வேண்டும் என்ற விதி முன்பே இருந்ததுதான். அந்த அளவு கண்ணாடி தயாராகும்போதே இருக்க வேண்டும், மேலே எதையாவது ஒட்டிக் கொண்டுவரக் கூடாது என்று தீர்ப்பு சொன்னது. அடுத்த சில வாரங்களில் ஊர் முழுக்க ரோட்டோரத்தில் வண்டியை நிறுத்தி ஃபிலிமைக் கிழித்துக்கொண்டிருந்தார்கள். ஃபிலிம் வந்துவிடும், பசை வராது. பசையை எடுக்க ஆளுக்கொரு பிளேடு. பிளேடு மட்டும் என்றால் கண்ணாடிக்குப் பெரிய ஆபத்தில்லை, இரண்டின் கடினத்தன்மையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பசையில் ஒட்டியிருக்கும் மணல் பிளேடின் முனையில் மாட்டி இழுபடுகிறதே, அதுதான் உழுதுவிட்டுப் போகிறது. என் வண்டியில் அந்த மனிதர் பின் கண்ணாடியின் உள்பக்கத்தையும் விடவில்லை. கண்ணாடியைச் சூடாக்கிப் படிந்த ஆவியைப் போக்கும் டீஃபாகரின் மெல்லிய கம்பிக்கோடுகளில் பாதியைச் சுரண்டி எடுத்துவிட்டார். மழையில் மேல் பாதி தெளியும், கீழ்ப் பாதி தெளியாது. இன்றுவரை அப்படித்தான்.

ஸ்கிரப்பர் விவகாரம் என் காலத்தது. அபார்ட்மென்டில் மாதக் கணக்கில் வண்டி துடைக்க வருபவர் ஒருவர், காய்ந்துபோன காக்கை எச்சத்தை எடுக்கப் பாத்திரம் தேய்க்கும் பச்சை ஸ்கிரப்பரைப் போட்டிருக்கிறார். அந்தப் பச்சைக்குள் அலுமினியம் ஆக்சைடு துகள் இருக்கும், கடினத்தன்மை 9. உள்ளங்கை அகலத்துக்குக் கண்ணாடி பால் மாதிரி ஆகிவிட்டது. அவரிடம் சண்டை போட்டு என்ன ஆகப் போகிறது, எச்சம் போகவில்லை என்று அதற்கு முந்தின வாரம் குறை சொன்னதே நான்தான்.

சரி, கீறல் என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம், ஏனென்றால் இது தெரியாமல் இறங்கினால் ஏமாற்றம்தான். பெயின்ட்டில் கீறல் விழுந்தால் டச்-அப் பெயின்ட்டால் நிரப்பலாம். கண்ணாடியில் விழுவது பள்ளம், அதைக் கண்ணாடியால் நிரப்ப வழியில்லை. பள்ளத்தின் அடிமட்டம் எதுவோ அதுவரைக்கும் சுற்றியிருக்கும் நல்ல கண்ணாடியை எல்லாம் இறக்க வேண்டும். ஏரிக்கரை உடைந்தால் மண் போட்டு அடைப்பதற்குப் பதிலாக மொத்தக் கரையையும் உடைப்பின் மட்டத்துக்கு வெட்டி இறக்குவது மாதிரி. கேட்கவே கிறுக்குத்தனமாக இருக்கிறது, ஆனால் பாலிஷ் என்றால் அதுதான். அதனால்தான் நகச் சோதனை. கீறலுக்குக் குறுக்கே விரல் நகத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் வேலை ஆகும். நகம் 'டக்'கென்று மாட்டினால் ஆசையை விட்டுவிடலாம். நான் விடவில்லை, அது பின்னால்.

எண்ணெய் தடவினால் போய்விடும் என்று சொல்பவர்களும் உண்டு. பொய்யில்லை, கண்ணுக்கு மறையத்தான் செய்யும். கீறல் வெள்ளையாகத் தெரிவதே அந்தப் பள்ளத்தின் சுவர்களில் வெளிச்சம் கண்டபடி திரும்பிச் சிதறுவதால்தான். கண்ணாடியின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.52, தேங்காயெண்ணெயின் எண் 1.45. காற்று வெறும் 1. பள்ளத்தில் காற்றுக்குப் பதில் எண்ணெய் உட்கார்ந்ததும் வெளிச்சத்துக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகிறது, நேராகப் போய்விடுகிறது, கீறல் காணாமல் போகிறது. கல் தெறித்து விண்ட்ஷீல்டில் விழும் சின்ன விரிசலுக்குள் ரெசின் செலுத்துகிறார்களே, அதன் பாதி ரகசியம் இதுதான். எண்ணெய் மட்டும் ஒரு மழைக்கு நிற்காது. விற்கிற அன்று காலையில் தடவிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள் என்று கேள்வி. நான் வாங்கிய அன்றும் இந்த வண்டியின் கண்ணாடி சந்தேகப்படும்படி பளபளத்தது.

உண்மையிலேயே கண்ணாடியை இறக்கக்கூடிய பொருள், கைக்கு அடங்கிய விலையில், ஒன்றே ஒன்றுதான் எனக்குத் தெரிந்து: சீரியம் ஆக்சைடு. மூக்குக் கண்ணாடி லென்ஸ் மெருகேற்றுபவர்களும் கண்ணாடி ஓரம் தேய்ப்பவர்களும் பயன்படுத்தும் பொடி. கால் கிலோ ஆன்லைனில் அறுநூற்றுச் சொச்சம் ரூபாய்க்கு வந்தது. வெள்ளையாக இருக்கும் என்று நினைத்தேன், பிரித்தால் செம்மண்ணில் மஞ்சள் கலந்த மாதிரி ஒரு நிறம். போலியோ என்று பயந்துவிட்டேன். மெருகு போட விற்கும் ரகத்தில் வேறு அரிய மண் ஆக்சைடுகளும் கொஞ்சம் கலந்திருப்பதால் அந்த நிறம், கலப்படம் ஒன்றும் கிடையாது.

இந்த இடத்தில் ஊர்ப் பெருமை கொஞ்சம் பேசிக்கொள்கிறேன். எனக்குச் சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணல் கறுப்பாக இருக்கும், மதியம் செருப்பில்லாமல் நடந்தால் கால் வெந்துவிடும். அங்கே இருக்கும் மத்திய அரசின் மணல் ஆலை அந்தக் கறுப்பு மணலிலிருந்து இல்மனைட், சிர்கான், கார்னெட், மோனசைட் என்று பிரித்தெடுக்கிறது. மோனசைட்டில் உள்ள அரிய மண் தனிமங்களில் ஏறக்குறைய பாதி இந்தச் சீரியம்தான். 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், கப்பலில் போன தென்னை நாரில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார் என்பார்கள். அன்றைக்கு அதற்கு அத்தனை கிராக்கி இருந்தது கேஸ் விளக்கின் மேன்டிலுக்காக. கோயில் கொடையில் தலையில் தூக்கி வரும் பெட்ரோமாக்ஸின் அந்த வெள்ளை வலை இருக்கிறதே, அது எரிந்தபின் மிஞ்சுவது 99 பங்கு தோரியம் ஆக்சைடு, 1 பங்கு சீரியம் ஆக்சைடு. அந்த ஒரு பங்கு இல்லையென்றால் வெளிச்சம் சோகை பிடித்துப்போகும். சின்ன வயதில் மேன்டிலைத் தொட்டு உதிர்த்ததற்காகத் தலையில் குட்டு வாங்கியவன், நாற்பது வயதுக்குமேல் அதே பொருளைக் காசு கொடுத்து வரவழைத்திருக்கிறேன். பொட்டலம் எந்த நாட்டுச் சரக்கு என்று அதன்மேல் எழுதியிருக்கவில்லை.

மூன்றாவது ஞாயிறு காலை ஆறு மணிக்கே ஆரம்பித்தேன். வெயில் ஏறிவிட்டால் பொடி காய்ந்துகொண்டே இருக்கும். நாலாவது மாடியில் வேலை செய்துகொண்டிருந்த தச்சரிடம் வேகம் கூட்டிக் குறைக்கிற டிரில் இரவல் வாங்கியிருந்தேன், அதன் முனையில் கம்பளி மாதிரி அழுத்தமான ஃபெல்ட் வட்டு. முதலில் ஸ்கிரப்பர் போட்ட இடம். கண்ணாடியை நன்றாகக் கழுவி, உள்பக்கத்தில் மார்க்கர் பேனாவால் மங்கல் இருக்கும் இடத்தைச் சுற்றி வட்டம் போட்டேன். இதைச் செய்யாமல் தொடங்காதீர்கள். வெளியே பொடிக்குழம்பு பூசியதும் கீறல் எங்கே இருந்தது என்றே தெரியாது, திருவிழாவில் பிள்ளையைத் தொலைத்த மாதிரி தேட வேண்டியிருக்கும். கதவு பெயின்ட், ரப்பர், பீடிங் எல்லாவற்றையும் டேப்பும் பழைய செய்தித்தாளும் வைத்து மூடினேன். பொடியில் தண்ணீர் விட்டு நீர்மோருக்கும் கெட்டி மோருக்கும் நடுவில் ஒரு பதம். வட்டில் தொட்டு, டிரில்லை மெதுவான ஓட்டத்தில் வைத்து, அழுத்தாமல், ஒரே இடத்தில் நிற்காமல் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர்.

தண்ணீர் வெறும் சூட்டுக்காக என்றுதான் நினைத்திருந்தேன். தண்ணீர் இல்லாமல் சீரியம் வேலையே செய்யாதாம். இது மணல் காகிதம் மாதிரி வெறுமனே சுரண்டுகிற சமாச்சாரம் கிடையாது, பாதி வேதியியல். கண்ணாடியின் மேல்தோலைத் தண்ணீர் கொஞ்சம் இளக்குகிறது, சீரியம் ஆக்சைடு அந்த இளகிய சிலிக்காவோடு ஒட்டிப் பிணைந்து பிய்த்துக்கொண்டு வருகிறது. அதனால்தான் புதுக் கீறல் எதையும் விடாமல் தெளிவாக மெருகேறுகிறது, அதனால்தான் இத்தனை மெதுவாகவும் நடக்கிறது. அவ்வப்போது கண்ணாடியின் மறுபக்கம் புறங்கையை வைத்துப் பார்த்தேன். இளஞ்சூடு என்றால் சரி, கையை எடுக்க வேண்டிய சூடு என்றால் நிறுத்தி ஆறவிட வேண்டும்.

பத்து நிமிடத்தில் ஒன்றும் தெரியவில்லை. இருபதில் ஓரம் தெளிய ஆரம்பித்தது. நாற்பது நிமிடம் கழித்துக் கழுவித் துடைத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். பால் இருந்த இடத்தில் தென்னை மரமும் எதிர் வீட்டு மாடியில் காய்ந்த வேட்டியும் துல்லியமாகத் தெரிந்தன. மார்க்கர் வட்டம் மட்டும் அந்தரத்தில் நின்றது. வீட்டுக்குள் ஓடிப்போய் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். "எங்க இருந்துச்சு?" என்று கேட்டார்கள். இதைவிடப் பெரிய பாராட்டு உண்டா? இல்லாமல் போனதைக் காட்ட முடியாது என்ற குறைதான்.

அந்தத் தெம்பில்தான் டிரைவர் பக்கம் போனேன். மூன்று கோடுகளில் ஒன்று நகத்துக்குத் தட்டுப்படவே இல்லை, அது அரை மணியில் போய்விட்டது. இரண்டாவது, பாதிக்குமேல் மங்கியது. மூன்றாவதில் நகம் மாட்டியது. விட்டிருக்க வேண்டும். ஒரு மணி நேரம் அதே கோட்டின்மேல் டிரில்லை ஓட்டினேன். கோடு மங்கவும் மங்கியது, ஆனால் கழுவிவிட்டு உள்ளே உட்கார்ந்து பார்த்தபோது வேறு ஒன்று தெரிந்தது. தலையை லேசாக அசைத்தால் வாசலில் நிற்கும் தெருவிளக்குக் கம்பம் அந்த இடத்தில் மட்டும் நெளிந்தது. கோட்டைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்குக் கண்ணாடியைக் குழித்திருக்கிறேன். குழிந்த கண்ணாடிக்குப் பெயர் லென்ஸ். கீறலை எடுக்கப் போய்க் கார் கதவில் மூக்குக் கண்ணாடி செய்து வைத்திருக்கிறேன்.

இன்றைய கண்ணாடி உருவாகும் விதத்தை யோசித்தால் இது நடக்காவிட்டால்தான் ஆச்சரியம். உருக்கிய கண்ணாடியை உருகிய தகரத்தின்மேல் மிதக்கவிட்டு எடுக்கும் முறை இது, இங்கிலாந்தில் பில்கிங்டன் நிறுவனம் 1959-இல் உலகத்துக்கு அறிவித்தது. எங்கள் பக்கம் ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபேன் ஆலையில் ஓடுவதும் அதே முறைதான். அதற்கு முன்பெல்லாம் தட்டைக் கண்ணாடியை மணல் போட்டு அரைத்து, பிறகு மெருகுப்பொடி போட்டு, இரண்டு பக்கமும் சமமாக வரும்வரை பெரிய பெரிய யந்திரங்கள் தேய்த்துக்கொண்டே இருக்கும். மிதவைக் கண்ணாடியின் மேல்பரப்பை எந்த யந்திரமும் தேய்த்ததில்லை, திரவம் தானாகச் சமப்பட்டு உறைந்த பரப்பு அது. அப்படிப்பட்ட சமத்தை இரவல் டிரில்லால் கைக்கணக்கில் திரும்பக் கொண்டுவந்துவிடுவேன் என்று நினைத்திருக்கிறேன்.

பக்கக் கண்ணாடி என்பதால் போகட்டும் என்று விடலாம். இதையே விண்ட்ஷீல்டில் செய்திருந்தால்? எதிரே வரும் லாரி நெளியும், தூரம் தப்பும். அதனால் விண்ட்ஷீல்டில் நான் கை வைக்கவில்லை, நீங்களும் வைக்காதீர்கள். வைப்பர் போட்ட வில்கோடு மிக மெலிதாக, பார்வைக்கு நேரே இல்லாமல் இருந்தால் யாராவது கைதேர்ந்தவர் பரவலாக மெருகு போட்டுத் தரலாம். ஆழமாக இருந்தால் மாற்ற வேண்டியதுதான். வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது சென்னையில் பாதிப் பேர் செய்யும் தப்பு, ஆறு மாதம் வெயிலில் வெந்து விறைத்த வைப்பரை முதல் தூறலிலேயே புழுதிக் கண்ணாடிமேல் ஓட்டுவது. வைப்பர் ரப்பர் விலைக்கும் விண்ட்ஷீல்டு விலைக்கும் உள்ள தூரம் எல்லோருக்கும் தெரியும், இருந்தும் அக்டோபரில் ஒருத்தரும் ரப்பர் மாற்றுவதில்லை, நானும் சேர்த்துத்தான்.

தேய்த்ததில் கண்ணாடி பலவீனமாகிவிடுமா என்று வீட்டில் கேட்டார்கள். பக்கக் கண்ணாடி டஃபன்டு கண்ணாடி. அறுநூறு டிகிரிக்குமேல் சூடாக்கிச் சட்டென்று காற்றடித்துக் குளிரவைப்பதால் மேல்தோல் எப்போதும் அமுங்கிய நிலையில் இருக்கும். இரண்டு பக்கமும் மொத்தக் கனத்தில் சுமார் ஐந்திலொரு பங்கு ஆழத்துக்கு அந்த அழுத்தம். மெருகு எடுப்பது அதில் தூசி மாதிரி. உடையாது என்று சொன்னேன். முகத்தில் நம்பிக்கை தெரியவில்லை, இப்போதும் அந்தப் பக்கக் கதவை மட்டும் மெதுவாகச் சாத்துகிறார்கள்.

இவ்வளவும் ஆன ஒன்பதாவது நாள். ஆபீஸ் முடிந்து அதே மேற்குத் திசை, அதே ஐந்தரை மணி வெயில். மெருகு போட்ட இடத்தின் நடுவே, முதல் கோடு இருந்த அதே இடத்தில், புத்தம்புதிதாக ஒரு கோடு.

கீறல் எப்படிப் போகும் என்றே பார்த்துக்கொண்டிருந்தவன், எங்கிருந்து வந்தது என்று ஒரு தடவைகூடக் கதவுக்குள் பார்க்கவில்லை. நாலாவது ஞாயிறு வழக்கமாக வண்டி விடும் மெக்கானிக்கிடம் போனேன். கண்ணாடியை இறக்கினார், ஏற்றினார், காதை வைத்துக் கேட்டார். "மண்ணு அரைக்குது சார், உங்களுக்குக் கேக்கலையா?" என்றார். அதற்கப்புறம் எனக்கும் கேட்டது, அம்மியில் மிளகு நசுங்குகிற மாதிரி மெல்லிய கரகரப்பு. கண்ணாடி கதவுக்குள் இறங்கும் இடத்தில் வெளிப்பக்கம் ஒரு பீடிங் இருக்கும், அதன் விளிம்பில் வெல்வெட் மாதிரி ஒரு நாடா. பதினாலு வருட வெயிலில் அது இறுகிக் கட்டையாகிவிட்டது. அதைக் கழற்றித் திருப்பிக் காட்டினார். மூன்று இடத்தில் மணல்கள் நாடாவுக்குள் பல் மாதிரி பதிந்திருந்தன. ஒன்றை நகத்தால் நெம்பி எடுத்து உள்ளங்கையில் வைத்தேன். கடுகில் கால்வாசி இருக்கும், கண்ணாடி மாதிரியே தெளிவான ஒரு குருமணல். குவார்ட்ஸ், கடினத்தன்மை 7. கண்ணாடி செய்வதே இந்த மணலை உருக்கித்தான், அது பங்காளியையே கீறிக்கொண்டிருக்கிறது. பக்கத்து மனையில் இரண்டு வருடமாக வீடு கட்டுகிறார்கள், எம்-சாண்ட் லாரி வந்து கொட்டும்போதெல்லாம் நான் அவசரமாகக் கண்ணாடியை ஏற்றுவேன். தூசியோடு ஏற்றி, தூசியோடு இறக்கி, மூன்று பல்லாலும் மூன்று கோடு போட்டிருக்கிறேன்.

வெளி பீடிங்கும் கண்ணாடி ஓடும் பள்ளத்து ரப்பரும் இரண்டும் மாற்ற வேண்டும், கண்ணாடியையும் புதுப்பேட்டையில் பழசு ஒன்று பார்த்து எடுத்து வந்துவிடுங்கள், ஒரே வேலையாக மாட்டிவிடுகிறேன் என்றார் மெக்கானிக்.

ஐந்தாவது ஞாயிறு புதுப்பேட்டை. கண்ணாடிகளை மட்டும் வைத்திருக்கும் கடை, புத்தக அலமாரியில் அடுக்கின மாதிரி நூற்றுக்கணக்கில் நிற்கவைத்திருந்தார்கள். மூலையில் இருக்கும் முத்திரையைப் பார்த்தேன், பாதுகாப்புக் கண்ணாடிக்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 2553, டஃபன்டு, எல்லாம் சரியாக இருந்தது. "ரைட் ஃப்ரன்ட் டோர் கிளாஸ்தானே சார், நாலு பீஸ் இருக்கு, புடிச்சத எடுத்துக்கங்க" என்றார் கடைக்காரர். முதல் கண்ணாடியைத் தெருவுக்குக் கொண்டுவந்து வெயிலில் சாய்த்தேன். மேலிருந்து கீழாக இரண்டு கோடு. இரண்டாவது கண்ணாடி, நாலு கோடு, அதில் ஒன்று என் வண்டியில் இருந்த அதே இடத்தில். மூன்றாவதும் நாலாவதும் அப்படியே. பக்கத்தில் இருந்த இடது பக்கக் கண்ணாடிகளை எடுத்துப் பார்த்தேன், சுத்தம். டிரைவர் பக்கம்தான் ஒரு நாளைக்கு இருபது தடவை ஏறி இறங்குகிறது, அபார்ட்மென்ட் வாட்ச்மேனுக்கு, பெட்ரோல் பங்குக்கு, பூக்காரம்மாவுக்கு, வழி கேட்பதற்கு, முன்பெல்லாம் டோல்கேட்டுக்கு.

"எல்லாத்துலயும் கீறல் இருக்கே பாய்?"

"டிரைவர் சைடுன்னா இருக்கத்தான் சார் செய்யும். கீறல் இல்லாம வேணும்னா புதுசுதான். கண்ணாடில விழுந்த கீறல் என்ன பண்ணாலும் போகாது சார், நான் முப்பது வருஷமா இந்த லைன்ல இருக்கேன்."

போகும் என்று நான் செல்போனில் எடுத்து வைத்திருந்த படங்களைக் காட்டினேன், ஸ்கிரப்பர் போட்ட இடத்தின் முன்னும் பின்னும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். நகத்தில் மாட்டாத கீறல் மட்டும் போகும், மாட்டுவது போகாது, அதையும் தேய்த்தால் லென்ஸ் ஆகிவிடும் என்று என் வண்டியின் கதவைத் திறந்து நெளியும் கம்பத்தையும் காட்டினேன். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். நான் கண்ணாடி வாங்கவில்லை, பக்கத்துக் கடையில் பீடிங்கும் ரப்பரும் புதுசாக வாங்கிக்கொண்டேன், இரண்டும் சேர்த்து ஆயிரத்து நூறு. வண்டியில் ஏறும்போது பின்னாலேயே வந்து ஜன்னல் பக்கம் குனிந்தார்.

"சார், அந்தப் பொடி மிச்சம் இருக்கா?"

நூற்றைம்பது கிராம் போல இருந்தது. அடுத்த முறை வரும்போது கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.